தென் கலிபோர்னியாவின் இளவேனில் வானிலை அறிக்கையில் ஒரே நாளுக்கு நான்கு வெப்பநிலைகள் இருப்பது ஏன், அதை எவ்வளவு நம்பலாம்?

ஏப்ரல் மூன்றாம் வாரத்தில் வயதான பெற்றோரை அழைத்துக்கொண்டு சான் டியாகோ கடற்கரையிலிருந்து கிளம்பி, ரிவர்சைடு வழியாகப் பாம் ஸ்பிரிங்ஸ் சென்று, அங்கிருந்து கம்பிவட ஊர்தியில் சான் ஹசின்டோ மலைமேல் ஏறித் திரும்ப நினைக்கிறீர்கள். அதற்காகப் பார்த்த வட்டார வானிலை அறிக்கையில் ஒரே நாளுக்குக் கடற்கரையில் 63 முதல் 68, பள்ளத்தாக்குகளில் 72 முதல் 79, மலைகளில் 48 முதல் 62, பாலைவனங்களில் 86 முதல் 92 பாரன்ஹீட் என்று இருந்திருக்கிறது. செல்சியஸில் சொன்னால் ஏறக்குறைய 17 முதல் 20, 22 முதல் 26, 9 முதல் 17, 30 முதல் 33. இரண்டு மூன்று மணி நேரக் கார்ப் பயணத்துக்குள் இத்தனை வேறுபாடு எப்படிச் சாத்தியம் என்றும், ஏழு நாளுக்கு முன்னரே இதை நம்பித் தேதி குறிக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். முதல் கேள்விக்கு உறுதியான பதில் உண்டு. இரண்டாவதற்கு உள்ள பதில், நீங்கள் எந்த நிலத்தில் நிற்கிறீர்கள் என்பதைப் பொறுத்து மாறும். முதலாவதைப் புரிந்துகொண்டால் இரண்டாவதில் பாதி தானாக விளங்கிவிடும் என்பதால் அந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

நான் வானிலையியல் படித்து, பல ஆண்டுகள் முன்கணிப்புப் பணியில் இருந்தவன். அதில் ஒரு பகுதி மலையும் கடலும் அருகருகே இருக்கும் நிலப்பரப்புகளுக்குக் கணிப்பு எழுதிய காலம். ஆனால் நீங்கள் போகும் வட்டாரத்துக்குப் பொறுப்பான அலுவலகத்தில் நான் பணியாற்றியதில்லை. அங்கே ஒவ்வொரு கணவாயின் குணத்தையும் நாள்தோறும் பார்த்துக் கணிப்பவர்கள் இருக்கிறார்கள். கிளம்பும் நாளில் அவர்கள் எழுதுவது நான் இங்கே எழுதுவதோடு முரண்பட்டால் அவர்கள் சொல்வதையே கேளுங்கள்.

முதலில் சொற்களைப் பற்றி. அமெரிக்கத் தேசிய வானிலைச் சேவையின் சான் டியாகோ அலுவலகம், சான் டியாகோ, ஆரஞ்சு கவுண்டிகளுக்கும் (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதிகள்), ரிவர்சைடு, சான் பெர்னார்டினோ கவுண்டிகளின் மேற்குப் பகுதிகளுக்கும் கணிப்பு வெளியிடுகிறது. இன்னும் கிழக்கே போனால் லாஸ் வேகாஸ், பீனிக்ஸ் அலுவலகங்களின் எல்லை வந்துவிடும். நெய்தல், மருதம், குறிஞ்சி, பாலை என்று நிலத்தை வகுத்துப் பழகிய நமக்குக் கடற்கரை, பள்ளத்தாக்கு, மலை, பாலைவனம் என்ற பகுப்பு அந்நியமானதல்ல. ஆனால் பெயர்கள் ஏமாற்றும். இங்கே பள்ளத்தாக்கு என்றால் இரு மலைகளுக்கு நடுவே இடுங்கிய பள்ளம் என்று நினைக்க வேண்டாம். கடற்கரைக்கும் பெருமலைகளுக்கும் இடையே மேற்கிலிருந்து காற்று தடையின்றி நுழையக்கூடிய அகன்ற உள்நாட்டுச் சமவெளியைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். ரிவர்சைடும் சான் பெர்னார்டினோ நகரமும் அதில் அடங்கும். கோச்செல்லா பள்ளத்தாக்கு பெயரில் பள்ளத்தாக்கு, வானிலையிலோ பாலைவனம். பாம் ஸ்பிரிங்ஸ் அதற்குள்தான் இருக்கிறது. பாலைவனம் என்ற ஒரே சொல்லுக்குள்ளும் இரண்டு நிலங்கள் ஒளிந்திருக்கின்றன: விக்டர்வில் இருக்கும் மொஹாவியின் மேட்டுப் பாலைவனம் ஏறக்குறைய 830 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, கோச்செல்லாவின் தென்கோடியோ கடல் மட்டத்துக்கும் கீழே போய்விடுகிறது. ஆகவே பாலைவனங்களில் என்று ஓர் எண்ணைப் பார்த்தால், மேட்டுப் பாலைவனமா தாழ் பாலைவனமா என்று பார்க்காமல் அதை எடுத்துக்கொள்ளக் கூடாது. உங்கள் பயணத்துக்குத் தேவைப்படுவது தாழ் பாலைவனத்தின் எண்.

மலைக்கும் பாலைவனத்துக்கும் உள்ள வேறுபாட்டைப் பள்ளிக்கூடக் கணக்காகவே போட்டுவிடலாம். மேலே ஏறும் காற்று அழுத்தம் குறைவதால் விரிகிறது, விரிவதால் குளிர்கிறது. ஈரம் திரளாத வரை ஒரு கிலோமீட்டருக்கு 9.8 டிகிரி செல்சியஸ் என்பது இயற்பியல் விதி. அதில் ஊருக்கு ஊர் மாற்றம் இல்லை. வெயில் நன்றாக அடிக்கும் இளவேனில் பிற்பகலில் பாலைவனக் காற்று தரையிலிருந்து வெகு உயரம் வரை கலக்கப்பட்டுவிடுவதால், உண்மையான காற்றும் இந்த விதிக்கு மிக நெருக்கமாக நடந்துகொள்ளும். பாம் ஸ்பிரிங்ஸ் நகரம் சுமார் 146 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 1963இல் தொடங்கப்பட்ட அந்தக் கம்பிவட ஊர்தியின் மேல் நிலையம் ஏறக்குறைய 2,596 மீட்டரில். இடையே 2,450 மீட்டர்; அதாவது 24 டிகிரி. கீழே 32 இருந்தால் மேலே 8. உங்கள் அறிக்கையில் பாலைவனத்துக்கு 90ஐ ஒட்டியும் மலைக்கு 48 என்றும் இருந்த எண்கள் ஒன்றையொன்று மறுக்கவில்லை. ஒரே காற்றை இரண்டு உயரங்களில் அளந்தால் அப்படித்தான் வரும். வெயில் படும் பாறையும் மண்ணும் தம்மை ஒட்டிய காற்றைச் சற்றுச் சூடாக்குவதால் மேலே கணக்கைவிட ஓரிரு டிகிரி கூடுதலாக இருக்கலாம். மலைகளில் 48 முதல் 62 என்ற அகன்ற வீச்சு கணிப்பவரின் தயக்கத்தைக் காட்டுவதல்ல, மலையின் உயர வேறுபாட்டைக் காட்டுவது. 62 என்பது 1,650 மீட்டரை ஒட்டிய ஐடில்வைல்ட் போன்ற ஊருக்கும், 48 என்பது அதற்கு மேலே உள்ள இடங்களுக்கும் பொருந்தும். ஊர்தி பத்து நிமிடத்தில் கொண்டுபோய் விடுவதால் உடலுக்குப் பழக நேரம் கிடைக்காது என்பதையும் நினைவில் வையுங்கள். அந்த உயரம் உங்கள் பெற்றோருக்கு ஒத்துக்கொள்ளுமா என்பது அவர்களுடைய மருத்துவரிடம் கேட்க வேண்டியது, என்னிடம் அல்ல.

ஆனால் உயரக் கணக்கு கடற்கரையை விளக்காது. கடற்கரை பாலைவனத்தைவிடத் தாழ்ந்தது. கணக்குப்படி இன்னும் சூடாக இருக்க வேண்டியது, 13 டிகிரி செல்சியஸ் குளிர்ந்திருக்கிறது. இதற்குக் காரணம் கடல். கலிபோர்னியக் குளிர்நீரோட்டம் வடக்கிலிருந்து இறங்குகிறது. கரையோரமாக வீசும் வடமேற்குக் காற்று மேல்நீரைத் தள்ளிவிட, ஆழத்துக் குளிர்நீர் மேலெழுகிறது. சான் டியாகோவை ஒட்டிய கடல்நீர் ஏப்ரலில் பெரும்பாலும் 15 முதல் 17 டிகிரி செல்சியஸ்தான். அதன்மேல் தங்கும் காற்றும் ஏறக்குறைய அதே குளிர்ச்சியையும் நிறைய ஈரத்தையும் ஏற்றுக்கொள்கிறது. அதே சமயம் வட பசிபிக்கின் மேல் இருக்கும் உயர் அழுத்தத்தில் மேலிருந்து காற்று மெல்ல இறங்குகிறது. இறங்கும் காற்று அமுங்கிச் சூடாகி வறண்டுபோகிறது. கீழே குளிர்ந்த ஈரக்காற்று, அதன்மேல் சூடான வறண்ட காற்று. இயல்பாக உயரம் போகப்போகக் குறைய வேண்டிய வெப்பநிலை, இந்த இரண்டும் சந்திக்கும் இடத்தில் தலைகீழாகக் கூடுகிறது. பானைக்கு மூடி போட்டதுபோல இந்த எல்லை கீழ்க்காற்றை மேலே எழவிடாது. மூடிக்குக் கீழே ஈரம் திரண்டு சாம்பல் நிறத் தாழ்மேகமாகப் பரவுகிறது. அந்த ஊர்க்காரர்கள் மே கிரே (மே மாதச் சாம்பல்), ஜூன் குளூம் (ஜூன் மாத இருட்டு) என்று செல்லமாகத் திட்டுவது இதைத்தான். ஏப்ரலிலேயே அது தொடங்கிவிடுவது வழக்கம்.

இளவேனிலில் அந்த வட்டாரத்துக்குக் கணிப்பு எழுதுபவர் முதலில் தேடும் எண் வெப்பநிலை அல்ல, இந்த மூடியின் உயரம். மூடி 300 மீட்டரில் இருந்தால் மேகம் கடற்கரையோடு நின்றுவிடும். ரிவர்சைடு காலையிலிருந்தே வெயிலில் இருக்கும். 600 மீட்டருக்கு உயர்ந்தால் பள்ளத்தாக்குகள் விடியும்போது மேகத்துக்குள் இருக்கும். பிற்பகல் வரை வெப்பம் ஏறாது. 1,200, 1,500 மீட்டருக்கு ஏறினால் மேகம் மலைச்சரிவில் முட்டித் தூறும். அந்தத் தூறலை ரேடாரில் பெரும்பாலும் பார்க்க முடியாது, ஏனெனில் அது ரேடார் கதிருக்குக் கீழேயே நடந்து முடிந்துவிடுகிறது. மூடி எந்த உயரத்தில் இருக்கிறது என்பதை அறிய, சான் டியாகோவின் மிராமாரிலிருந்து நாளுக்கு இருமுறை கருவி பொருத்திய பலூன் விடுகிறார்கள். இடைப்பட்ட நேரத்தில் விமானங்கள் ஏறி இறங்கும்போது அளந்து அனுப்பும் வெப்பநிலைகளும் உதவுகின்றன. இரவில் கட்டலீனா தீவை ஒட்டி ஒரு சிறு சுழல் உருவானால் மூடி எதிர்பார்த்ததைவிட நூற்றுக்கணக்கான மீட்டர் உயர்ந்துவிடும். அன்று பள்ளத்தாக்குகளுக்கு எழுதிய வெப்பநிலை பொய்த்துப் போவது உறுதி.

இந்த இடத்தில் என் அனுபவம் ஒன்றைச் சொல்லலாம். சான் பெர்னார்டினோ மலையின் விளிம்பை ஒட்டிச் செல்லும், உலகின் விளிம்பு என்றே பெயர் பெற்ற சாலையில் ஒருமுறை பயணம் போனேன். மலைக்கான கணிப்பு தெளிவான வெயில் என்றது. அது பிழையும் அல்ல. மேலே ஏரிக்கரையில் நீலவானம். ஆனால் சரிவில் பாதி உயரத்தில் மூடி முட்டிக்கொண்டிருந்த இடத்தில், முன்னே போகும் காரின் பின்விளக்கு தெரியாத அளவுக்கு மூடுபனி. கீழிருந்து பார்த்தால் அது மேகம். அதற்குள் ஓட்டுபவருக்கு அது மூடுபனி. மலை என்ற ஒற்றைச் சொல்லுக்குள் இந்த இடைப்பட்ட பட்டை அடங்காது என்பதைத் தொழிலாகச் செய்பவனுக்கே அன்றுதான் உறைத்தது. தாழ்மேகம் பள்ளத்தாக்குகளை நிரப்பும் என்றும் மலையில் வெயில் என்றும் ஒரே அறிக்கை சொன்னால், இரண்டுக்கும் நடுவே சாலையில் பார்வை மறையும் ஓரிடம் இருக்கும் என்று நீங்களே சேர்த்து வாசித்துக்கொள்ளுங்கள்.

இதே மூடிதான் பாலைவனத்தின் காற்றுக்கும் காரணம். கடற்பக்கம் குளிர்ந்து கனத்த காற்று, பாலைப்பக்கம் சூடேறி லேசான காற்று. இடையே 3,506 மீட்டர் சான் கோர்கோனியோ மலையும் 3,302 மீட்டர் சான் ஹசின்டோ சிகரமும் சுவராக நிற்கின்றன. சுவரில் உள்ள ஒரே பெரிய வாசல் இவற்றுக்கு இடைப்பட்ட சான் கோர்கோனியோ கணவாய். அதன் உச்சி ஏறக்குறைய 800 மீட்டர்தான். கடற்காற்றின் ஆழம் அந்த உயரத்தை எட்டிவிட்டால், அணையின் மதகைத் திறந்ததுபோல அது கிழக்கே பாய்கிறது. 1980களின் தொடக்கத்திலிருந்து அங்கே காற்றாலைகள் வரிசைகட்டி நிற்பதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. இந்தக் காற்று நண்பகலில் தொடங்கி, மாலையில் உச்சம் பெற்று, நள்ளிரவு வரை நீடிப்பது வழக்கம். லாஸ் ஏஞ்சலஸ் விமான நிலையத்துக்கும் மொஹாவியில் உள்ள டாகெட்டுக்கும் இடையிலான அழுத்த வேறுபாட்டைக் கணிப்பவர்கள் நாள்தோறும் பார்ப்பதும் இதற்காகத்தான். அந்த வேறுபாடு சில ஹெக்டோபாஸ்கல் (காற்றழுத்த அலகு) கூடினாலே கணவாய்களில் காற்று வலுக்கும். எனவே இளவேனிலில் கடற்கரையில் குளிர்ந்து இருண்ட நாளும் பாலைவனத்தில் மணல் பறக்கும் நாளும் பெரும்பாலும் ஒரே நாளாக இருக்கும். கணவாய்க்காற்று என்பது இந்த அறிக்கைகளில் நான் மிகவும் நம்பும் பகுதி. நிலத்தின் அமைப்பு மாறாது. அழுத்த வேறுபாட்டை மூன்று நாளுக்கு முன்னரே கணினி மாடல்கள் நன்றாகப் பிடித்துவிடுகின்றன. எந்தத் தெருவில் எவ்வளவு வேகம் என்பது மட்டும்தான் ஐயத்துக்குரியது. மலையடியில் ஒரு கிலோமீட்டர் இடைவெளியில் ஓரிடத்தில் இலை அசையாமலும் இன்னோரிடத்தில் கார்க் கதவைத் திறக்க முடியாமலும் இருப்பதுண்டு.

எச்சரிக்கைச் சொற்களின் படிநிலையையும் தெரிந்துகொள்வது நல்லது. கண்காணிப்பு என்றால் ஆபத்து நேரக்கூடும், இன்னும் உறுதியில்லை. எச்சரிக்கை என்றால் அது நடக்கிறது அல்லது நடப்பது ஏறக்குறைய நிச்சயம். அறிவுரை என்பது எச்சரிக்கை அளவுக்குப் போகாத தொல்லைக்கு. வன்காற்று எச்சரிக்கைக்குப் பொதுவான அளவுகோல், திடீர் வீச்சு மணிக்கு 58 மைல், அதாவது சுமார் 93 கிலோமீட்டர், அல்லது அதற்கு மேல். வட்டார அலுவலகங்கள் தங்கள் நிலத்துக்கு ஏற்ப அளவுகோலை மாற்றிக்கொள்ளலாம். பாம் ஸ்பிரிங்ஸில் காற்று மிகும்போது இண்டியன் கேன்யன் டிரைவ், ஜீன் ஆட்ரி டிரெயில் ஆகிய சாலைகள் ஆற்றுப்படுகையைக் கடக்கும் இடத்தில் மணல் மூடி அடைக்கப்படுவது அடிக்கடி நடப்பது. ஊர்தியும் இயங்குகிறதா என்று அன்று காலையே கேட்டுக்கொள்ளுங்கள்.

இதுவரை சொன்னவை ஏறக்குறைய உறுதியானவை. இனி ஐயத்துக்குரியவை. இளவேனிலில் கணிப்பை அடிக்கடி கவிழ்ப்பது, மேல்வளிமண்டலத்தில் மேற்கிலிருந்து கிழக்கே செல்லும் காற்றோட்டத்திலிருந்து அறுந்து தனித்துப்போன தாழ்வழுத்தச் சுழல். ஓட்டத்தோடு இணைந்திருக்கும் வரை ஒரு தாழ்வு எங்கே போகும் என்பதை ஓட்டமே சொல்லிவிடும். அறுந்துவிட்டால் அது ஆற்றோரச் சுழிபோல ஓரிடத்தில் நின்று சுற்றும், பின்வாங்கும், திடீரென்று நகரும். இதைக் கணிப்பவனின் துயரம் என்று அமெரிக்க வானிலையாளர்கள் எதுகையோடு அழைப்பார்கள். அனுபவித்தவன் என்ற முறையில் மறுப்பதற்கில்லை. அந்தச் சுழல் கடலின் மேலாக இறங்கினால் ஈரத்தைச் சுமந்து வந்து மலைகளில் மழையும் பனியும் தரும். இருநூறு கிலோமீட்டர் கிழக்கே தள்ளி நெவாடாவின் வழியாக நிலத்தின் மேலேயே இறங்கினால் மழை இருக்காது. குளிரும் கடுங்காற்றும் மட்டும் வரும். வரைபடத்தில் அந்த இருநூறு கிலோமீட்டர் ஒரு விரல் அகலம்கூட இருக்காது. ஐந்து நாளுக்கு முன் அதைச் சரியாகச் சொல்லிவிட்டேன் என்று ஒருவர் சொன்னால், அவருக்கு அதிர்ஷ்டமும் துணை நின்றது என்று கொள்ளுங்கள்.

மழை வாய்ப்பு 30 விழுக்காடு என்பதை மூன்றில் ஒரு பங்கு நிலத்தில் பெய்யும் என்றோ, மூன்றில் ஒரு பங்கு நேரம் பெய்யும் என்றோ பலர் பொருள் கொள்கிறார்கள். அந்தப் பகுதியின் எந்த ஓர் இடத்தை எடுத்துக்கொண்டாலும் அங்கே, குறிப்பிட்ட காலத்துக்குள், குறைந்தது 0.01 அங்குலம், அதாவது கால் மில்லிமீட்டர் மழை பதிவாக உள்ள நிகழ்தகவு என்பதே அதன் பொருள். பெய்தால் எவ்வளவு பெய்யும் என்று அந்த எண் ஒன்றுமே சொல்வதில்லை. கால் மில்லிமீட்டர் என்பது பாலைவனத்தில் தரையைத் தொடுமுன் பாதி ஆவியாகிவிடும் தூறல். காற்று மேற்கிலிருந்து வரும்போது மலையின் மேற்குச் சரிவு ஈரத்தைப் பிழிந்துகொள்ள, கிழக்கே இறங்கும் காற்று சூடாகி வறண்டுவிடுகிறது. பாம் ஸ்பிரிங்ஸ் அந்த மழை மறைவில் இருக்கிறது. ஆனால் மறைவு எல்லாத் திசைக் காற்றுக்கும் மறைவல்ல. 2019 பிப்ரவரி 14 அன்று தெற்கிலிருந்து பாய்ந்த ஈரக்காற்றில் பாம் ஸ்பிரிங்ஸில் ஒரே நாளில் 90 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டி, ஐடில்வைல்டுக்கு ஏறும் மலைச்சாலைகள் அறுத்துக்கொண்டு போயின. பனி விழும் உயரமும் இப்படித்தான்: 300 மீட்டர் ஏறி இறங்கினால் ஒரு மலையூரில் மழையும் இன்னொன்றில் பனியும். 2,050 மீட்டரை ஒட்டிய பிக் பேர் லேக்குக்கு உறுதியாகச் சொல்லக்கூடியதை ஐடில்வைல்டுக்குச் சொல்ல முடியாமல் போகும்.

இனி உங்கள் ஏழு நாள். ஐந்து நாள் கணிப்பு ஏறக்குறைய 90 விழுக்காடும், ஏழு நாள் கணிப்பு 80 விழுக்காடும், பத்து நாளைத் தாண்டியது பாதியளவும் சரியாக இருக்கும் என்று அமெரிக்க அரசின் வானிலைத் துறையே பொதுமக்களுக்குச் சொல்லிவருகிறது. அது பொதுவாக நியாயமான மதிப்பீடுதான். ஆனால் எதைச் சரி என்று எண்ணுகிறோம் என்பதில் எல்லாம் அடங்கியிருக்கிறது. தாழ் பாலைவனத்தின் பகல் வெப்பம் ஏழாம் நாளிலும் சில டிகிரிக்குள் நிற்கும்; அங்கே வானம் பெரும்பாலும் தெளிவு, காற்று நன்கு கலந்தது, தவறுவதற்கு இடம் குறைவு. மலையின் வெப்பமும் அதைத் தொடர்ந்தே வரும். கடற்கரை வெப்பமும் பெரிதாகப் பொய்க்காது, ஏனெனில் கடல் அதைப் பிடித்து வைத்திருக்கிறது. நான்கில் மிகவும் வழுக்குவது பள்ளத்தாக்கு. மூடியின் ஓரம் அதன்மேல்தான் முன்னும் பின்னும் நகர்கிறது. மேகம் காலை பத்து மணிக்குக் கலைந்தால் 80 பாரன்ஹீட், பிற்பகல் மூன்று மணிக்குக் கலைந்தால் 66. எப்போது கலையும் என்பதை முந்தின நாள் மாலையில்கூட ஒரு மணி நேரத் துல்லியத்தில் சொல்வது கடினம்.

1992 முதல் அமெரிக்க வானிலைக் கணிப்பு மையமும் ஐரோப்பிய மையமும் ஒரே கணிப்பைச் சிறுசிறு தொடக்க மாற்றங்களோடு பலமுறை ஓட்டிப் பார்க்கின்றன. இன்று ஐரோப்பிய மையம் ஒவ்வொரு முறையும் 51 ஓட்டங்கள் செய்கிறது. எல்லா ஓட்டங்களும் ஒத்துப்போனால் ஏழாம் நாளையும் துணிந்து எழுதலாம். பாதி மழை என்றும் பாதி வெயில் என்றும் பிரிந்தால் மூன்றாம் நாளையே தயங்கி எழுத வேண்டும். கைப்பேசிச் செயலி இந்தப் பிரிவைக் காட்டாமல், ஒரு படமும் ஓர் எண்ணும் தந்துவிட்டு ஓய்ந்துவிடுகிறது. மலைப்பகுதியில் அதற்கு இன்னொரு குறையும் உண்டு. சான் ஹசின்டோவின் வடமுகம் ஏறக்குறைய 11 கிலோமீட்டர் தூரத்துக்குள் 3,000 மீட்டருக்கு மேல் எழுகிறது. கணினி மாடல் நிலத்தைக் கட்டங்களாகப் பிரித்தே கணக்கிடுகிறது; அமெரிக்காவின் உலகளாவிய மாடலின் கட்டம் சுமார் 13 கிலோமீட்டர் அகலம். அந்த மலைமுகம் முழுவதும் ஒரே கட்டத்துக்குள் அடங்கி வழவழப்பான மேடாக மாறிவிடுகிறது. செயலி அந்த மேட்டுக்கான வெப்பநிலையைச் சிகரத்துக்கும் அடிவாரத்துக்கும் பங்கு போட்டுக் கொடுக்கிறது. 3 கிலோமீட்டர் கட்டம் கொண்ட மாடலும் இருக்கிறது, ஆனால் அது இரண்டு நாளுக்கு அப்பால் ஓடுவதில்லை. இதற்கு மாற்றாக நான் பரிந்துரைப்பது, வானிலை அலுவலகம் நாள்தோறும் வெளியிடும் கணிப்பு விவாதக் குறிப்பு. சின்னப் படங்கள் இல்லாத, வறண்ட நடையில் எழுதிய பத்திகள்தான். ஆனால் மாடல்கள் ஒத்துப்போகின்றனவா, எதில் நம்பிக்கை குறைவு, மூடி எவ்வளவு உயரத்தில் என்பதையெல்லாம் கணிப்பவர் தன் சொற்களில் அங்கேதான் எழுதுகிறார்.

பருவம் முழுமைக்குமான முன்னோட்டங்களைப் பற்றிக் கேள்வியின் ஓரத்தில் கேட்டிருந்தீர்கள், சுருக்கமாகச் சொல்கிறேன். அவை இயல்பைவிடக் கூடுதல், இயல்பு, குறைவு என்ற மூன்றுக்கும் சம வாய்ப்பு என்று தொடங்கி, எந்தப் பக்கம் சற்றுச் சாய்கிறது என்பதை மட்டும் சொல்பவை. 2015-16இல் வலுவான எல் நினோ (பசிபிக் நடுக்கடல் வழக்கத்தைவிடச் சூடாகும் நிலை) இருந்தும் எதிர்பார்த்த மழை தென் கலிபோர்னியாவுக்கு வரவில்லை. 2022-23இல் அதற்கு நேரெதிரான லா நினா இருந்தும் கொட்டித் தீர்த்தது. 2023 பிப்ரவரியில் சான் டியாகோ அலுவலகம் தன் வரலாற்றில் முதன்முறையாகப் பனிப்புயல் எச்சரிக்கை விடுத்தது, சான் பெர்னார்டினோ மலையூர்களில் மக்கள் நாட்கணக்கில் வீட்டுக்குள் அடைபட்டார்கள். ஒரு குறிப்பிட்ட சனிக்கிழமைக்கு அந்த முன்னோட்டங்களால் எந்தப் பயனும் இல்லை.

எனவே உங்கள் பயணத்துக்கு என் ஆலோசனை இது. ஏழு நாளுக்கு முன் தங்குமிடத்தைப் பதிவு செய்யலாம், பணம் திரும்பப் பெறும் வசதியோடு. அப்போது பார்க்க வேண்டியது, அந்த வாரத்தில் அறுந்த தாழ்வு எதுவும் பேசப்படுகிறதா என்பது மட்டும். பேசப்பட்டால் மலையேறும் நாளை முடிவு செய்யாமல் மூன்று நாள் முன்புவரை பொறுங்கள். மூன்று நாளுக்கு முன் கணவாய்க்காற்றைப் பாருங்கள். வன்காற்று எச்சரிக்கை வரும் சாயல் இருந்தால் ஒரு நாள் தள்ளிப்போடுங்கள், அல்லது காலை ஒன்பது மணிக்குள் கணவாயைத் தாண்டிவிடுமாறு கிளம்புங்கள். அந்த நேரத்தில் காற்று வழக்கமாக அடங்கியிருக்கும். கடற்கரையில் காலை இருண்டிருப்பதைப் பார்த்துப் பயணத்தைக் கைவிட வேண்டாம். அந்த மேகம் எவ்வளவு தூரம் உள்ளே போயிருக்கிறது என்பதைச் செயற்கைக்கோள் படத்தில் ஐந்து நிமிடத்தில் கண்டுகொள்ளலாம். பெற்றோருக்குக் கம்பளிச் சட்டையும் காற்றுத் தடுக்கும் மேலாடையும் காரிலேயே இருக்கட்டும். பாம் ஸ்பிரிங்ஸில் அவற்றைப் பார்த்து அவர்கள் சிரிக்கக்கூடும், பத்து நிமிட ஊர்திப் பயணத்துக்குப் பிறகு தாமே கேட்டு வாங்கிக்கொள்வார்கள். திரும்பும்போது மாலையாகிவிட்டால் கணவாயில் எதிர்க்காற்று உச்சத்தில் இருக்கும். உயரமான வாடகை வேனாக இருந்தால் ஸ்டியரிங்கை இரு கைகளாலும் பிடித்து மெதுவாக ஓட்டுங்கள்.